ஒட்டாவாவில் நடக்காத கலியாணம்

12 ஏப்ரல் 1997, சனி

காலமை வெய்யில், பின்னேரம் திரும்பவும் பனி. பால்கனியிலை காயப்போட்ட உடுப்பெல்லாம் ஓடிப்போய் உள்ளுக்கு எடுத்தது.

ரிக்கெற் எடுத்தாச்சு. பாரிஸ்! மே 15 வியாழன் பின்னேரம் ஏறி, 19 திங்கள் திரும்பி வாறம். லோங் வீக்கெண்ட் எண்டபடியால் வேலையிலை இரண்டு நாள் லீவு காணும். சுப்பவைசர் மனிசி சிரிச்சுக்கொண்டே கையெழுத்து வைச்சவ.

கலியாணம் முடிச்சு ஒன்பது வருசம். ஹனிமூன் எண்டு போனது நயாகரா. ஒரு வான் வண்டிக்குள்ளை ஆறு பேர், மடியிலை புளிச்சாதச் சட்டி. இந்த முறை நானும் இவரும் மட்டும். சொந்தம் வேண்டாம், சாப்பாட்டுப் பார்சல் வேண்டாம், ஒருத்தற்றை வீட்டிலையும் பாய் போட்டுப் படுக்கிறேல்லை.

ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை எண்டும் முடிவு. சொன்னால் மிளகாய்த்தூள் கொண்டு போ, சீலை வாங்கிக்கொண்டு வா எண்டு தொடங்குவினம்.

பால் முடிஞ்சுது. நாளைக்கு வாங்க வேணும்.

19 ஏப்ரல், சனி

காத்து. தலையிடி.

லைப்ரரியிலை பாரிஸ் புத்தகம் எடுத்தன். மகள் தர்ஷியை நீச்சல் வகுப்பிலை விட்டிட்டு, வாங்கிலை இருந்து ஒரு மணித்தியாலம் வாசிச்சன்.

ஹொட்டேல் பிடிச்சாச்சு. சின்னன்தான், ஆனால் வடிவு. என்ரை விருப்பங்கள்:
- குளிக்கிற தொட்டி. கட்டாயம்.
- காலமைச் சாப்பாடு கட்டிலுக்கு வர வேணும்
- கடைக்கு வெளியிலை கதிரை போட்டிருக்கிற இடத்திலை இருந்து கோப்பி, அவசரமில்லாமல்
- ஆத்திலை படகு (இவர் வேண்டாமாம், தலை சுத்துமாம்)
- ஒரு நல்ல சென்ற். சும்மா மணந்து பாத்திட்டு வாறதில்லை, வாங்கிறது.

பாரிஸ் எனக்குப் புது இடம் எண்டில்லை. 86இலை கனடாவுக்கு எண்டு காசு வாங்கின ஏஜென்சிக்காரன் என்னை அங்கை கொண்டுபோய் விட்டிட்டு ஆளே இல்லை. ஏழு மாதம் நிண்டனான். பத்மா அக்காவின்ரை ஒற்றை அறையிலை. முன்பின் தெரியாத மனிசி. உடுப்புத் தோய்க்கிற கடையிலை நான் அழுதுகொண்டு நிண்டதைப் பாத்திட்டு, "வா பிள்ளை" எண்டு கூட்டிக்கொண்டு போனவ. தன்ரை கட்டிலைத் தந்திட்டுத் தான் நிலத்திலை படுத்தவ. தான் அறை துப்புரவாக்கின ஹொட்டேலிலை எனக்கும் வேலை எடுத்துத் தந்தவ. விடிய முதல் ரெயின், இருட்டின பிறகு ரெயின். பாரிஸிலை நான் கண்டது மற்ற ஆக்கள் படுத்தெழும்பின கட்டிலுகளைத்தான்.

போறதை அக்காவுக்கும் சொல்லேல்லை. சொன்னால் விமானத்தடிக்கே வந்து நிப்பா. ஹொட்டேல் எண்டால் கோவிப்பா. மூண்டு நாளும் அவவின்ரை குசினியிலை சமையலோடைதான் முடியும். அங்கை போய் நிண்டு ஒரு கோல் அடிக்கலாம். நேரம் இருந்தால்.

இதை எழுதேக்கையே வடிவாயில்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

மழை. இடியப்பம் அவிக்கேக்கை ரெலிபோன். பத்மா அக்கா.

"பிள்ளை வசந்தி, கனடா விசா தந்திட்டாங்கள்! இரண்டு தரம் மறுத்தவங்கள், இந்த முறை தந்திட்டாங்கள்!"

அவவின்ரை தங்கச்சியின்ரை மகளுக்குக் கலியாணமாம், இங்கை கிட்ட ஒஷாவாவிலை. மே 16 வெள்ளி வந்து இறங்கிறாவாம்.

"கலியாண வீடு சனத்தாலை முட்டிப் போய்க் கிடக்கும். நான் உன்னோடை வந்து நிக்கிறன் என்ன? உன்ரை மகளை ஒருக்கா மடியிலை வைச்சுப் பாக்க வேணும்."

மே 16. நாங்கள் அங்கை போய் இறங்கிற அதே நாள்.

உண்மையைச் சொல்ல வாய் திறந்தன். வந்தது வேறை.

"ஐயோ அக்கா, அந்த நாலு நாளும் நாங்கள் இங்கை இல்லையே. ஒட்டாவாவிலை ஒரு கலியாணம். இவற்றை சொந்தம்."



"பரவாயில்லை பிள்ளை. சொந்தத்திலை கலியாணம் எண்டால் போகத்தானே வேணும். நான் தங்கச்சி வீட்டிலையே நிக்கிறன். புதன்கிழமைதான் திரும்பிறன். ஏலுமெண்டால் ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ."

இடியப்பம் ஒண்டும் சரியா வரேல்லை.

28 ஏப்ரல், திங்கள்

இவரிட்டைச் சொன்னன். பேப்பரைக் கீழை வைச்சிட்டார்.

"உண்மையைச் சொல்லன். பாரிஸுக்கு வாறம் எண்டு சொன்னால் என்ன?"

"அவவின்ரை ஊருக்கு அவவுக்குச் சொல்லாமல் போறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப பயணத் திகதியை மாத்துவம். மாத்தேலுமோ எண்டு கேட்டுப் பார். உன்னை வைச்சுப் பாத்த மனிசி எல்லே."

ஓம் எண்டன்.

30 ஏப்ரல், புதன்

வேலையிலை மினுக்கின மூக்குக்கண்ணாடி லென்ஸ் இரண்டு கீறுப்பட்டுப் போச்சு. என்ரை பிழை.

சாப்பாட்டு நேரம் பயண முகவருக்கு அடிச்சன். நல்ல பிள்ளை, பொறுமையாப் பாத்துச் சொன்னது. ஜூனுக்கு மாத்தலாமாம். கொஞ்சம் கூடக் கட்ட வேணும், அவ்வளவுதான். ஹொட்டேலும் பிரச்சினை இல்லையாம். "மாத்தவோ மிஸிஸ்?" எண்டு கேட்டது.

யோசிச்சுச் சொல்லுறன் எண்டன்.

வீட்டை வந்து இவருக்கு "மாத்தேலாதாம்" எண்டு சொன்னன். இவர் திருப்பிக் கேக்கேல்லை. என்னை நம்பிற மனிசன்.

ஏன் அப்பிடிச் சொன்னன்? ஜூனிலை போனாலும் அந்த ஆறும் அந்த ஹொட்டேலும் அங்கைதான் இருக்கும். தெரியும். ஆனால் எனக்கெண்டு வைக்கிறது எல்லாம் பிறகு பிறகு எண்டே போயிடும். ஜூன் எண்டால் தர்ஷிக்குக் காய்ச்சல் வரும், இவருக்கு ஓவர்ரைம் வரும். இந்த முறை விடுறதில்லை எண்டு ஒரு பிடிவாதம்.

அதுக்கு விட்டது ஆரை எண்டு பாத்தால் பத்மா அக்காவை.

8 மே, வியாழன்

நல்ல வெய்யில். மரமெல்லாம் துளிர்.

முடிச்சது: சப்பாத்து. தலைமயிர் வெட்டு (கட்டையாப் போச்சு). கமெராவுக்கு பிலிம் மூண்டு.
முடிக்காதது: இவற்றை கோட் தைக்கக் குடுக்கிறது. காசு மாத்திறது.

தர்ஷியை ஸ்ரௌவ்விலிலை என்ரை மாமா மகள் மச்சாள் வீட்டிலை விடுறம். மச்சாளுக்கும் ஒட்டாவாக் கதைதான் சொன்னது. ஒரு பொய்யைச் சொன்னால் எல்லாருக்கும் அதையே சொல்ல வேண்டிக் கிடக்கு. இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கார்த் திறப்பைத் தேடினார்.

இந்த அவசரத்துக்குள்ளை தர்ஷி பாஸ்போர்ட்டுகளை மேசையிலை கண்டிட்டுது.

"அம்மா, யூ டோன்ற் நீட் எ பாஸ்போர்ட் ஃபோர் ஒட்டாவா."

"ஹொட்டேலிலை கேப்பினம் அம்மா."

"ரியலி?"

"ஓம்."

எட்டு வயது. நம்பேல்லை. விட்டிட்டுப் போட்டுது.

பின்னேரம் அக்காவின்ரை நம்பரை அடிச்சன். மணி கேட்டுது, ஒண்டு, இரண்டு. "அலோ?" எண்ட குரல் கேட்டவுடனை வைச்சிட்டன். அவ பயந்திருப்பா. தனிய இருக்கிற மனிசி.

17 மே, சனி, பாரிஸ்

தூறல்.

எல்லாம் கிடைச்சுது. தொட்டி இருக்கு. காலமைச் சாப்பாடு தட்டத்திலை வந்தது, சின்னக் குவளையிலை ஒரு பூ. பட்டர் வாயிலை கரையுது. இவர் தன்ரை பாணையும் எனக்குத் தந்தார்.

சாப்பிட்டு முடியக் கட்டிலை விரிச்சன். விளிம்பை இழுத்து, மூலையை மடிச்சு, தலையணையைத் தட்டி. கை தானாச் செய்யுது. "காசு குடுத்து வந்து வேலை செய்யிறாய்" எண்டு இவர் சிரிச்சார். இந்த மூலை மடிக்க அக்காதான் எனக்குக் காட்டித் தந்தவ. அதை இவருக்குச் சொல்லேல்லை.

கோப்பிக் கடையிலை இருந்தம். ஒன்றரை மணித்தியாலம், ஒருத்தரும் எழும்பு எண்டு சொல்லேல்லை. வடிவான இடம். நான் ரோட்டுக்கு மற்றப் பக்கத்துக் கடிகாரத்தையே பாத்துக்கொண்டிருந்தன். இங்கை பதினொண்டு, அங்கை விடிய ஐஞ்சு. அக்கா நேற்று வந்து இறங்கியிருப்பா. ஆர் கூட்டிக்கொண்டு போயிருப்பினம்? இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது.

சென்ற் வாங்கேல்லை. கடை வாசல் மட்டும் போய்த் திரும்பினன். "என்ன, பிடிக்கேல்லையோ?" எண்டார் இவர். தலையிடி எண்டன்.

அப்பதான் இவருக்கு உண்மையைச் சொன்னன். ஜூனுக்கு மாத்தியிருக்கலாம் எண்டு. மழைக்குள்ளை நிண்டு. இவர் ஏசேல்லை. "வா, நனையிறாய்" எண்டார். ஏசியிருக்கலாம்.

20 மே, செவ்வாய்

குளிர், நல்ல வெளிச்சம். வேலை முடிஞ்ச கையோடை ஒஷாவா. நாளைக்கு அக்கா போறா.

கார் நிண்டபிறகு இவர் சொன்னார்: "நாங்கள் இங்கை இருக்கிறம். நீ முதல் போய்ச் சொல்லிப்போட்டு வா." தர்ஷி பின்சீற்றிலை. சொல்லத்தான் போனன். ரோட் முழுக்க வசனம் அடுக்கிக்கொண்டு வந்தனான்.

அக்கா சின்ன ஆளாப் போனா. மயிர் வெள்ளை. முழங்கால் ஏலாதாம், ஹொட்டேல் வேலை விட்டு இரண்டு வருசமாம். குசினி முழுக்கச் சனம். என்ரை கையைப் பிடிச்சு மேலை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினா. படி ஏறப் பட்ட பாடு.

தர்ஷிக்கு ஒரு சட்டை கொண்டுவந்திருக்கிறா, தானே தைச்சது. ஐந்து வயதுப் பிள்ளைக்குத்தான் அளவு. நான் கடைசியாப் படம் அனுப்பேக்கை அவளுக்கு ஐந்து.

"அக்கா, நான் ஒண்டு சொல்ல வேணும்" எண்டன்.

"இரு, முதல் நான் கேக்கிறன். உங்கடை ஒட்டாவாக் கலியாணம் எப்பிடி? வடிவா நடந்ததோ?"

முகத்தைப் பாத்தன். உண்மையாவே அறிய ஆசையா இருக்கிறா.

"ஓம் அக்கா. வடிவா நடந்தது."

"பொம்பிளை என்ன கூறை?"

"மெரூன். அகலக் கரை."

"சனமோ?"

"முந்நூறு வரும்."

"நல்லது. நானும் வந்து உனக்கு அலைச்சல் குடுத்திருந்தால் நீ போயிருக்கவும் மாட்டாய். எல்லாம் நன்மைக்குத்தான்." என்ரை கட்டை மயிரைத் தடவிவிட்டா. "மாப்பிள்ளைக்கு என்ன பேர்?"

அதுக்கும் ஒரு பேர் சொன்னன்.