லாபம், ரெண்டு, மூணு

அய்யா துணை

கொட்டாரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

ஓமனா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் மகள் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து நாளை விமானம் ஏறி உங்கள் கேம்புக்குத் திரும்பும் மகேஷ்குமாரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கோபப்படாமல் முழுக்க வாசியுங்கள்.

ஆதிரா அரையாண்டில் கணக்கில் ஒன்பது மார்க் என்றதும், வரும் வெள்ளிக்கிழமை டி.சி. வாங்கி அவளைத் தையல் கடையில் சேர்க்கும்படி உங்கள் கூடப்பிறந்த வைகுண்டராஜன் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டீர்கள். அந்த ஒன்பதுக்குக் காரணம் நான்தான்.

புதிதாக வந்த சபிதா டீச்சர், எந்தப் பிள்ளைக்கு எந்த வழியில் பாடம் மண்டையில் ஏறும் என்று பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறார். ஒருத்திக்குப் பாட்டு, ஒருத்திக்குப் படம். நம் பிள்ளைக்குக் கையும் தாளமும். நெல் அளப்பவர்கள் ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவார்களே, அதே போல "லாபம், ரெண்டு, மூணு" என்று முணுமுணுத்து மேசையில் கையை நகர்த்துவாள். கணக்கு தானாக வழிக்கு வரும். காலாண்டில் அறுபத்தொன்று வாங்கியது அப்படித்தான்.

ஆனால் கூடப்படிக்கும் பிள்ளைகள் சிரித்தார்கள். தெருவரைக்கும் பேச்சு வந்தது. எனக்கு மானம் போனது. அரையாண்டுக் கணக்குப் பரீட்சை அன்று காலையில், "ஏட்டி, கைய ஆட்டாம, வாயத் தொறக்காம எழுது" என்று என் தலையில் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினேன். பாவி மகள் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டாள். பாதித் தாள் வெள்ளையாகக் கிடந்ததாம்.

நேற்று அதே கேள்வித்தாளோடு டீச்சர் வீட்டுக்கு வந்தார். நான் அழுதுகொண்டே சத்தியத்தைத் திருப்பி வாங்கினேன். அடுக்களை மேடையில் கையை நகர்த்தி நகர்த்தி எழுதினாள். எழுபத்திரண்டு. அந்தத் தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

அந்த வெள்ளி கழிந்து வரும் திங்கட்கிழமை தனி அறையில் இன்னொரு பரீட்சை வைக்கத் தலைமையாசிரியை சம்மதித்திருக்கிறார். அண்ணாச்சியோ, தம்பி சொல்லாமல் வெள்ளிக்கிழமையைத் தள்ளிப்போட மாட்டேன் என்கிறார். ஆதிரா சாப்பிடுவதே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்தத் தாளத்தை எங்கே படித்தாள் என்று டீச்சர் கேட்டார். அவளுடைய அப்பா களத்தில் நெல் அளக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது என்றேன். நீங்கள் வெளிநாடு போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் இன்னும் உங்கள் குரலில்தான் எண்ணுகிறாள், அத்தான்.

அண்ணாச்சிக்கு ஒரு போன் போடுங்கள். அய்யா உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
ஓமனா