ஆரணியின் புரிட்டோ

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே டென்மார்க்கில் நாங்கள் சுகம். ஆரணி நித்திரையான பிறகும் வெளியே வெளிச்சம் போகவில்லை. சில்க்போர்க் ஏரி பால் வார்த்ததுபோலக் கிடக்கிறது.

அவள் பாலர் பாடசாலையில் சாப்பிடாததை நினைத்து இனிப் பயப்படாதீர்கள். மூன்று வயதாகியும் நான் சோறு குழைத்துத் தீத்துகிறேன் அல்லவா? அங்கேயும் வாயைத் திறந்தபடி காத்திருந்திருக்கிறாள். பசியில்லை என்று ஆசிரியை நினைத்துவிட்டார்.

இங்கே புரிட்டோ, அதுதான் உள்ளே கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி, இப்போது பாண் மாதிரி எல்லா வீட்டிலும் உண்டு. "மற்றப் பிள்ளையள் அதைத்தானே கொண்டு வருகினம், நீரும் சுத்திக் குடுமன்" என்றார் உங்கள் மருமகன் கிருஷாந்த். சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் வைத்து, மெல்லிய ரொட்டியில் சுருட்டிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து முழுவதையும் சாப்பிட்டாளாம்!

இன்று வீட்டில் தீத்தப் போனேன். "நானே!" என்று டேனிஷில் சொல்லி என் கையைத் தள்ளிவிட்டாள். சந்தோஷம்தான். குழைத்த உருண்டையை நானே வாயில் போட்டுக்கொண்டேன்.

உறைப்புக் குறைந்த கறித்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். கிருஷாந்த் வேலையால் வந்துவிட்டார், சாப்பாடு போட வேண்டும். அம்மா, நான் முதன்முதல் உங்கள் கையைத் தள்ளிய அன்று நீங்கள் என்ன செய்தீர்கள்?

உங்கள் மகள்,
கஜந்தி