டெல்லாவின் துப்பாக்கியில் கோல்பியின் குண்டு

அக்டோபர் 3

மழை. பள்ளியில் நான்கு வகுப்புகள், நான்கிலும் ஆக்சிஜனேற்றம் நடத்தினேன். வீட்டுக்கு வந்தால் சமையல் மேசைமேல் ஒரு சிறிய அட்டைப்பெட்டி. உள்ளே குண்டுகள். நுனியில் ஈயம் தெரிகிறது. செம்பு உறை மெலிது, அதில் ஆறு கீறல்கள்.

"கோல்பி குடுத்தான். அவனே செஞ்சது, கைத்துப்பாக்கிக்குன்னே," என்றாள் டெல்லா, என்னைப் பார்க்காமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

கல்யாணமானதிலிருந்து அவள் துப்பாக்கிக்குக் குண்டு தேர்ந்தெடுப்பது நான். வெடிமருந்தோடு சேர்த்துத் தோட்டாவாக அடைப்பதும் நான்.

அக்டோபர் 4

போன வருடம் டெல்லா சுட்ட மானைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

நான் தேர்ந்த குண்டு ரைஃபிளுக்கானது. ரைஃபிளில் வினாடிக்கு இரண்டாயிரத்து எண்ணூறு அடி வேகம். அந்த வேகத்தில் சதையில் பட்டதும் நுனி விரியும், உள்ளே பெரிய காயம், மான் அங்கேயே விழும். டெல்லாவுடையது ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கி. குட்டைக் குழல். இரண்டாயிரத்தைத் தொடுவதே கஷ்டம், மானை எட்டும்போது இன்னும் குறைவு. குண்டு விரியவில்லை. மூடிய மொட்டாகவே உள்ளே போய் வெளியே வந்துவிட்டது. மான் ஓடியது. மறுநாள் ஓடையோரப் புதரில் கிடைத்தபோது கயோட்டி நரிகள் தின்று முடித்திருந்தன.

டெல்லா ஒன்றும் சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல. அதற்குப் பிறகும்.

அக்டோபர் 9

கோல்பி வந்தான். மர அறுவை ஆலையில் வேலை. மற்ற நேரமெல்லாம் கார் கொட்டகையில் குண்டு செய்கிறான். சின்ன வயதில் டெல்லாவின் அப்பா இவர்கள் இருவரையும் ஒன்றாகத்தான் காட்டுக்குக் கூட்டிப்போவாராம். அந்தக் கதைகளில் எனக்கு இடமில்லை. நான் அப்போது ஒஹாயோவில் ஏதோ படித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன வாத்தியாரே, மொறச்சிப் பாத்தா அதுவா விரிஞ்சிடுமா?"

"சோதிச்சுப் பாக்கணும்."

"சோதி, சோதி. பரீட்சை வெச்சு மார்க்கும் போடு. ஃபெயில் மட்டும் ஆக்கிடாதப்பா, எங்கம்மா அடிப்பாங்க."

டெல்லா சிரித்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இந்த வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது.

அக்டோபர் 12

சதைக்குப் பதிலாகச் செய்தித்தாள் கட்டுகளைத் தொட்டியில் ஊறவைத்து, தூரத்திலிருந்து சுட்டேன். முதலில் என்னுடையது: காகிதக் கட்டு முழுவதையும் துளைத்து மறுபக்கம் போய்விட்டது. மண்மேட்டிலிருந்து தோண்டி எடுத்தேன். நுனி லேசாக மழுங்கியிருந்தது, அவ்வளவே.

அவனுடையது காகிதத்துக்குள்ளேயே நின்றது. இரண்டு மடங்கு அகலம். ஆறு இதழ்களும் சமமாகப் பின்னால் வளைந்திருந்தன.

அழகாக இருந்தது. மட்டமாக இருந்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அக்டோபர் 13

அவனை நான் வெறுக்கவில்லை. அவன் வந்து போகாத ஒரு வீடு வேண்டும். அவ்வளவுதான்.

அக்டோபர் 19

கசாப்புக்கடையில் மாட்டுத் தோள் எலும்பு வாங்கி, ஈரக் காகிதத்துக்கு முன்னால் கட்டிவைத்தேன். மிக அருகிலிருந்து சுட்டேன். அருகில் வேகம் அதிகம், அந்த மெல்லிய உறை தாங்கவில்லை: எலும்பில் பட்டதும் குண்டு நொறுங்கியது. ஈயம் ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம். எலும்புக்குப் பின்னால் ஒரு விரல் ஆழம்கூடப் போகவில்லை. மறுபடி சுட்டேன். அதே. மறுபடி.

சந்தோஷப்பட்டேன் — தனியாக, வயலில், கையில் எலும்புத் துண்டோடு.

என் குண்டாக இருந்தால் எலும்பு வாங்கப் போயிருப்பேனா?

அக்டோபர் 20

சொன்னேன்.

"மான் கிட்டத்துல நின்னா தோள்ல சுடாத, டெல்லா. ஒடஞ்சிடும், உள்ள போகாது. அது திரும்பட்டும். தோளுக்குப் பின்னால விலாவுல போடு."

"எங்கப்பா தோள்லதான் சுடச் சொல்லிக் குடுத்தாரு."

"உங்கப்பாகிட்ட இருந்தது வேற குண்டு."

"போன வருஷம் இவ்வளவு எலும்பு வாங்கிருந்தீன்னா நல்லாருந்திருக்கும்." அப்புறம், "நீ பொறாமைல பேசுற, நீல்."

"ஆமா. பொறாமைதான். அதுக்காக எலும்பு பொய் சொல்லுமா?"

நாய்க்குச் சாப்பாடு வைக்கப் போய்விட்டாள். நாய் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தது.

உண்மையை நான் சொன்னதால் அது கெட்டுப்போய்விட்டது. வேறு யாராவது சொல்லியிருக்கலாம். அவனே சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள்.

அக்டோபர் 23

என் மேசைமேல் கோல்பியின் குண்டுப் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தாள். அடைத்துக் கொடு என்பதா? இல்லை, இதைத்தான் சுடப்போகிறேன், பார் என்பதா?

அடைத்தேன். அவன் குண்டுகளை, என் கையால், ஒவ்வொன்றையும் அளந்து.

அக்டோபர் 26

வேட்டைப் பருவம் தொடங்கிவிட்டது. விடியுமுன் கோல்பியின் வண்டியில் போனார்கள். நான் போவதில்லை. காகிதத்தில் என் குறி தவறாது. எதிரே உயிர் நின்றால் விரல் நகராது. அவளுக்கு இது தெரியும். அவனுக்கும் தெரியும் என்று இன்றைக்குத்தான் புரிந்தது — "வாத்தியார் காகித மான் அடிக்கட்டும், வா," என்றான். அவள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பகலெல்லாம் விடைத்தாள் திருத்தினேன். ஒன்றிலும் கண் போகவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே காபி ஃபிளாஸ்க் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அக்டோபர் 27

நேற்று வெறுங்கை. இன்று மதியம் வந்துவிட்டார்கள்.

எங்கள் கொட்டகை உத்தரத்தில் மான் தொங்குகிறது. கோல்பி பீர் டின்னோடு சுற்றிச் சுற்றி வந்தான். சுடும்போது அவன் மேட்டுக்கு அந்தப்பக்கம் இருந்தானாம், சத்தம்தான் கேட்டதாம்.

"பதினஞ்சு கெஜம், வாத்தியாரே. எட்டிப் புடிச்சிருக்கலாம். ரெண்டு தாவு, அங்கயே விழுந்துடுச்சு. என் குண்டு என்ன வேல பாத்திருக்கு பாரு."

நான் தோலை உரித்தேன். தோள் முழுசாக இருந்தது. கன்றிப்போன இடம்கூட இல்லை. அதற்கு ஒரு சாண் பின்னால், இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே, துளை. மறுபக்கத் தோலடியில் குண்டு அகப்பட்டது. நன்றாக விரிந்திருந்தது.

கோல்பி குனிந்து பார்த்தான். "விலாவுலயா போட்ட? பதினஞ்சு கெஜத்துல தோள் கதவு மாதிரி நின்னுருக்குமே."

"தோளக் காட்டிட்டுதான் நின்னுச்சு, விலா மறஞ்சிருந்துச்சு," என்றாள் டெல்லா. "திரும்பட்டும்னு ஒக்காந்திருந்தேன்."

"ஓடிருந்தா?"

"ஓடிருந்தா ஓடிருக்கும்."

அவள் என் பக்கம் பார்க்கவில்லை. கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள். விரிந்த குண்டைக் கழுவிக் கோல்பியிடம் கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.