ஒன்பதும் பத்தும்

13 ஜனவரி 2025, திங்கள்

காலை ஆறரைக்குப் போனைத் திறந்தேன். பதினொரு கன்றும் பச்சை. கழுத்துப் பட்டையில் இருக்கும் சின்னப் பெட்டி, கன்று எவ்வளவு நேரம் படுத்தது, நடந்தது, பால் குடித்தது என்று போனுக்கு அனுப்பும். ஒழுங்கு தவறினால் அந்தக் கன்றின் காது வில்லையில் உள்ள எண் போனில் சிவப்பாகும். தேயிலைத் தோட்ட ஆபீசில் முப்பத்தெட்டு வருடம் கிராணியாகக் கணக்கெழுதியவன் என்பதால் ஹரிதாஸ் தன் பால் பண்ணையில் இந்த வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார். "அங்கிள் பாத்தா தப்பு வராது" என்று எல்லாரிடமும் சொல்கிறார். கேட்டுவிட்டு இன்னொரு முறை போனைப் பார்க்கிறேன்.

15 ஜனவரி

மாட்டுப் பொங்கல். கன்றுகளைக் கவனிக்கும் பவளம், "இந்தப் பொட்டியோட மாலை போட்டா நல்லாவா இருக்கும்? கழட்டுங்க கிராணி ஐயா" என்றாள். கழற்றி, வரிசையாக ஆணிகளில் மாட்டினேன். மஞ்சள், குங்குமம், பக்கத்து ஊர் திரிங்காப்பிலிருந்து வந்த செவ்வந்தி மாலை. படையல் முடிந்து பார்த்தால் இரண்டு பட்டைகள் கீழே கிடந்தன. ஒன்பதுடையதும் பத்துடையதும். பெட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி. உள்பக்கம் பொடி எழுத்தில் உள்ள நீண்ட எண்தான் எது எந்தக் கன்றுடையது என்று சொல்லும். எல்லாரும் பொங்கலுக்குக் காத்திருந்தார்கள். படிக்காமல் போட்டுவிட்டேன். சரியாகத்தான் போட்டிருப்பேன்.

போட்டிருப்பேனா?

16 ஜனவரி

ஒன்பது சிவப்பு. கொட்டிலில் கழிச்சல் கிடந்தது. ஒன்பதைப் பிரித்துக் கட்டி, பாலைக் குறைத்து, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்.

பவளம் சிரித்தாள். "இதுக்கா சீக்கு? வாளிய முட்டித் தள்ளுது. அந்த மூலையில சுருண்டு கிடக்குதே பத்து, அதப் பாருங்க."

"பத்து பச்சையா இருக்கே" என்றேன்.

"போன்லதான் லா பச்சை."

17 ஜனவரி

பூதக்கண்ணாடி வைத்துப் பொடி எண்களைப் படித்தேன். மாறித்தான் இருக்கின்றன. இரண்டு நாளாக நல்ல கன்றைப் பட்டினி போட்டு, நோயாளியை மூலையில் விட்டிருக்கிறேன்.

கொட்டிலில் யாரும் இல்லை. பட்டைகளை மாற்றிப் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பது பச்சையானது. பத்து சிவப்பு. தானா ராத்தா டவுனில் இருந்தபடி தன் போனில் பார்த்துவிட்டு ஹரிதாஸ் கூப்பிட்டார். "ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு ஒட்டிக்கிச்சா அங்கிள்? நாளைக்கு டாக்டரக் கூட்டியாறேன்."

ஆமாம் என்றேனா? என்றேன்.

18 ஜனவரி

டாக்டர் அமீரா வந்தார். பத்தின் கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டார். தோல் அப்படியே நின்றது. கண்கள் குழிக்குள் போயிருந்தன.

"எப்பலேருந்து?"

ஹரிதாஸ் போனைப் பார்த்தார். "நேத்து பத்து மணிக்குத்தான் சிவப்பாச்சு."

"ஒரே நாள்ல இவ்ளோ வத்திருந்தா வேகமாப் பரவுற நோயா இருக்கலாம். மத்ததக் காப்பாத்தணும்னா இத ஊசி போட்டு..." அவர் முடிக்கவில்லை. ஹரிதாஸ் தலையாட்டினார்.

"மூணு நாள்" என்றேன். அவர்கள் காதில் விழவில்லை. மறுபடியும் சொன்னேன். "மூணு நாளா இருக்கு, டாக்டர். பட்டைய மாத்திப் போட்டுட்டேன். நேத்து திருத்திட்டு மறைச்சுட்டேன்."

"மூணு நாள்னா சாதாரணக் கழிச்சலா இருக்கலாம், காப்பாத்திப் பாக்கலாம்" என்று டாக்டர் ட்ரிப் பையைப் பிரித்தார். பவளம் கன்றின் தலையைப் பிடித்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

"நேத்து நான் கேட்டேனே, அங்கிள்" என்றார் ஹரிதாஸ். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

19 ஜனவரி

நான் படுக்கையை விட்டு எழவில்லை. பண்ணைப் போனை ஹரிதாஸ் வாங்கிப் பவளத்திடம் கொடுத்துவிட்டார்.

20 ஜனவரி

மூடுபனி. கொட்டில் பக்கம் போகத் துணிவில்லை. ஹரிதாஸ் கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருந்தால்? ஒரு பொடி எண்ணைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

21 ஜனவரி, செவ்வாய்

ஏழு மணிக்குப் பவளம் வாசலில் நின்று கூப்பிட்டாள். செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். செருப்புக்குள் கால் நுழையவில்லை.

"பத்து இன்னும் சிவப்பாத்தான் காட்டுது ஐயா" என்றாள். "ஆனா அரை வாளி குடிச்சிட்டு நிக்குது. நீங்க ஒரு வாட்டி பாத்துச் சொல்லுங்க. அப்புறம் ஹரிதாஸ் தம்பிக்குப் போன் போடுறேன்."

போனேன். கறுப்புக் கன்று ஒன்று கால்கள் தள்ளாட நின்றுகொண்டிருந்தது. காதைத் தூக்கி எண்ணைப் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன்.

பத்துதான்.