வயசா, சீனியா?

பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி இறக்கிவிட்டார்கள் போல, மாமி. இஞ்சியும் ரம்பை இலையும் மணக்க, உங்களை நினைத்துச் சிரித்துவிட்டேன். ஊரெல்லாம் வயதைக் குறைத்துச் சொல்ல, கூட்டிச் சொல்லி அகப்பட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, மனிதரைக் காலத்துக்கு முந்தியே முதுமையாக்குகிறதா என்று பார்க்கும் ஆய்வுக்காக மருதமுனையில் வீடு வீடாகத் திரிந்தேன். எழுபது நிரம்பாதவர்களை மட்டுமே சேர்க்கலாம். நோன்புப் பெருநாள் கழிந்த பத்தாம் நாள், முன்பின் அறியாத உங்கள் வாசலில் நின்று வயதைக் கேட்டேன். "எழுபத்திரண்டு" என்றீர்கள். மன்னிப்புக் கேட்டுக் கோப்பை மூடினேன்.

நீங்கள் விடவில்லை. "இரி புள்ள. சீனி வந்து எத்தின வருசம். இப்ப தேங்காய்ப்பால் பிழியக் கையால ஏலா, கால் ரெண்டும் கனக்குது. வயசு போயிட்டு உம்மா எண்டு மகன் சொல்றான். நீயும் வயசச் சொல்லித்தான் போறாயா? பேரையாவது பதிஞ்சிக்க."

அடையாள அட்டையை என் கையில் திணித்தீர்கள். அதில் எழுபது நிரம்ப இன்னும் ஒரு மாதம் இருந்தது. பிறகெப்படி எழுபத்திரண்டு என்றேன்.

"நோன்பு பதினேழில பிறந்தன். எழுபத்திரண்டு நோன்பு கழிஞ்சிட்டே."

பிறை வருடம் ஆங்கில வருடத்தைவிடப் பதினொரு நாள் குறைவு. அது சேர்ந்து சேர்ந்து உங்களுக்கு இரண்டு வயதைக் கூட்டிவிட்டிருந்தது. விளக்கியதும் அடுப்படியைப் பார்த்து, "புள்ள, எனக்கு ரெண்டு வயசு குறைஞ்சிட்டு" என்று மருமகளுக்கு அறிவித்தீர்கள்.

அன்று கைப்பலம் அளக்கும் கருவியை முழுமூச்சாக நெரித்தும் முள் பாதிக்குக்கூடப் போகவில்லை. வயது மட்டுமில்லை, கட்டுப்படாத சீனியும் தசையைத் தளர்த்தும் என்றார் எங்கள் ஆய்வின் டொக்டர். "நான் சொன்னன் தானே" என்று மகனைப் பார்த்தீர்கள். கிளினிக்கில் மருந்தை மாற்றினார்கள். கதிரையைப் பிடிக்காமல் எழும்பி உட்காரும் பயிற்சியை அஸர் தொழுகைக்குப் பிறகு தெருவே பார்க்கச் செய்தீர்கள். அடுத்த வருடம் முள் ஏறியது. அன்று சோற்றில் பால்கறி ஊற்றி, "இது நான் பிழிஞ்ச பால்" என்றீர்கள். அப்படி ஒரு கறியை நான் சாப்பிட்டதில்லை.

நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போய் மூன்று வருடமாகிறது. உங்களிடம் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்த நாட்களில் என் உம்மாவும் பகலெல்லாம் படுத்தே கிடந்தார். ஊருக்கெல்லாம் சீனி பார்த்துத் திரிந்த நான், வீட்டில் அதை வயசு என்று விட்டிருந்தேன். உங்கள் வாசலில் ஏச்சு வாங்கிய அன்றே போய் உம்மாவுக்கு இரத்தம் சோதித்துப் பார்த்தேன். சீனிதான், நல்ல உயரத்தில்.

நீங்கள் இருவரும் ஒருநாளும் சந்தித்ததில்லை. ஆனாலும் உம்மா இன்று நடக்கிற நடையில் உங்களுக்குப் பங்கு உண்டு, மாமி. கல்முனைக் கடற்கரை மணலில் எனக்கு முன்னால்தான் போவார். மூச்சு வாங்கி நான் நின்றால் திரும்பிப் பார்த்துக் கேட்பார்:

"என்ன மகள், வயசு போயிட்டா?"