அறுபத்து மூன்றாம் பக்கத்தில் என் பெயர்

குச்சனூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் நீ விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பிள்ளைகளும் ஏறினபடியே பத்திரமாக இறங்க சனீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். பெரியாற்றுத் தண்ணீர் வந்து நடவு முடிந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் பாதியிலேயே மழுப்பிவிடுவேன் ஆத்தா, என் லட்சணம் எனக்குத் தெரியும்.

உங்கள் விமானப்படைப் பயிற்சி ஸ்குவாட்ரனின் ஐம்பது வருட வரலாற்றை நீ எழுதி, அச்சுக்குப் போகுமுன் பார்க்கச் சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. நான் பதினோரு வருடம் மெக்கானிக்காகக் கிடந்த இடம், ஆசையாகத்தான் பிரித்தேன். எந்த வருடம் எந்த விமானம் வந்தது, புயலில் ஹேங்கர் கூரை போனது எல்லாம் சரியாக இருக்கிறது. அறுபத்து மூன்றாம் பக்கம் வந்ததும் மூடி வைத்துவிட்டேன். 1993இல் மெக்கானிக் கர்ணன், கிளம்பிய விமானத்துக்கு முன்னால் ஓடி அதை நிறுத்தி, உள்ளே கிடந்த ஸ்குரூடிரைவரை எடுத்து, பயிற்சி மாணவர் ஒருவரின் உயிரைக் காப்பாற்றினார் என்று எழுதியிருக்கிறாய். உன் சித்தப்பா பாண்டியராஜன் அதை போட்டோ எடுத்து, ஃப்ளெக்ஸ் அடித்து, பஸ் ஸ்டாப்பில் கட்டிவிட்டான். என் மூஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு போர் விமானம், நான் கையால் தொட்டே அறியாத விமானம். அந்தப் பக்கம் போகவே அருவருப்பாக இருக்கிறது. அவன் மேல் இல்லை, என் மேல்தான்.

நீங்கள்தானே அப்பா நிறுத்தியது என்று நீ போனில் கேட்டபோது நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, இருமினேன். நிறுத்தியது எபனேசர், நம் ராயப்பன்பட்டிக்காரன், என்னோடு வேலை பார்த்தவன். கருவிகளை மாட்டுகிற பலகை உனக்குத் தெரிந்ததுதான், ஒவ்வொரு கருவியின் உருவமும் வரைந்திருக்கும், வேலை முடிந்து ஒரு உருவம் காலியாக இருந்தாலும் விமானம் நகரக் கூடாது. அன்று நான் சீட்டுக்கு அடியில் வேலை பார்த்துவிட்டு வந்தால் ஸ்குரூடிரைவர் ஒன்று குறைந்தது. சொன்னால் விமானத்தையே பிரித்துத் தேடுவார்கள், லீவு போய்விடும், மறுநாள் வீரபாண்டித் திருவிழாவுக்கு நான் ரயில் ஏற வேண்டும். என் பெட்டியில் இருந்த சொந்த ஸ்குரூடிரைவரை அந்தக் காலி இடத்தில் மாட்டிவிட்டு, எல்லாம் சரி என்று பாரத்தில் கையெழுத்தும் போட்டேன். த்தூ!

பலகையைப் பார்த்த எபனேசருக்கு, கைப்பிடியில் ஸ்குவாட்ரன் மஞ்சள் பெயின்ட் இல்லாதது கண்ணில் பட்டுவிட்டது. யாரையும் கேட்காமல் ஓடிப்போய் சுற்றுகிற புரொப்பெல்லருக்கு எதிரே கையை ஆட்டிக்கொண்டு நின்றான். தொலைந்த ஸ்குரூடிரைவர் கன்ட்ரோல் ஸ்டிக்கின் அடியில் கிடந்தது. மேலே போய்ச் சிக்கி ஸ்டிக் அசையாமல் போயிருந்தால் அந்தப் பையன் திரும்பியிருக்க மாட்டான். அனுமதியில்லாமல் ஓடியதற்கு எபனேசருக்குத் தண்டனை, பதவி உயர்வும் தள்ளிப்போனது. வேறு ஸ்குரூடிரைவரை மாட்டியது யார் என்று விசாரணையில் கேட்டார்கள், தெரியாது என்றான். அந்த ஸ்குரூடிரைவரை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அவன்தான். நான் ஊருக்கு வந்து திருவிழாவில் ராட்டினம் ஏறினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எபனேசர் ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தான். காறித் துப்புவான் என்று உட்கார்ந்திருந்தேன். போட்டோவுல நல்லாத்தேன் இருக்கே கர்ணா என்றான். அந்தப் பையன் இப்ப எங்கன இருக்கான்னு மகளுட்டக் கேட்டுச் சொல்லு என்றான், சாப்பிட்டான், போய்விட்டான்.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். புள்ள அங்கன தலை நிமிந்து நடக்கணுமே, இதைப் போயி எழுதுறீகளே என்று அழுதாள். எனக்கும் அந்தப் பயம்தான் இத்தனை வருடமும். ஆனாலும் பக்கத்தை மாற்று. ஓடியவன் பேரையும் மாட்டியவன் பேரையும் அப்படியே போடு, ஐம்பதாவது ஆண்டு விழா மேடைக்கு எபனேசரைக் கூப்பிடு. ஃப்ளெக்ஸை இன்று காலை நானே அறுத்துப் போட்டுவிட்டேன், பாண்டியராஜன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நூறாயுசாக இரு தாயி. ஒன்று மட்டும் மறக்காதே, விமானத்தில் ஏறுமுன் பலகையை உன் கண்ணால் ஒரு தரம் பார்த்துவிடு. பாரத்தில் கையெழுத்து இருக்கிறதே என்று ஏறிவிடாதே. அன்றைக்கும் இருந்தது.

உன் அப்பா,
கர்ணன்