ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்த ஒயின்

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் அர்ஜென்டினா ஒயின் என்று ஒரு புட்டி கொண்டுவந்தான். கிளாஸில் ஊற்றி, உதடு நனைவதற்குள் "சூப்பர்ப்பா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் சிரிப்பு நின்றுபோனது. மேற்குத் தாம்பரத்தில் உன் வீட்டு மொட்டை மாடியும், தண்ணீர்த் தொட்டி நிழலில் நீ விரித்துப் போடும் பாயும் கண்முன் வந்தன. நீ போன பிறகு நான் ஒயின் பக்கமே போகவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. நீ சரக்குக் கப்பலில் தலைமைச் சமையல்காரன். நான் பக்கத்திலேயே தாம்பரம் சானடோரியத்தில் மருந்துக் கடை வைத்திருந்தேன். கப்பலிலிருந்து வருகிறவன் என்றால் ஸ்காட்ச் கொண்டுவருவான், டேப்ரிகார்டர் கொண்டுவருவான். நீ மட்டும் சிலியிலும் அர்ஜென்டினாவிலும் பேர் தெரியாத குடியானவர்கள் தங்கள் தோட்டத்துத் திராட்சையில் போட்ட ஒயினைத் தேடித் தேடி வாங்கி வருவாய். சில புட்டிகளில் லேபிள்கூட இருக்காது. "கம்பெனி சரக்கு எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி கீது. இதுல போட்டவன் மூஞ்சி தெரியும்டா" என்பாய்.

ஞாயிறு காலையில்தான் ருசி பார்ப்பது. அதற்கு முன் காபி கூடாது, வெற்றிலை கூடாது. எவர்சில்வர் டம்ளரில் ஆளுக்கு ஒரு வாய் ஊற்றுவாய். ஒரு புட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே வாயைச் சுத்தம் செய்யப் பொரி. "நல்லா கீது" என்று சொன்னால் முறைப்பாய். எதைப் போல இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நான் எப்போதும் நாவல்பழத்தில் ஆரம்பிப்பேன், நீ கேலி செய்வாய். மூன்றாவது ஆள் உன் மனைவி, என் தங்கச்சி. ஒரு வாய் வாங்கிக்கொண்டு, "பழைய அலமாரியத் தொறந்த மாதிரி கீதுண்ணா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். இரண்டாவது வாய் கேட்டதே கிடையாது.

அந்த வருஷம் நீ ஒரு கிழவரின் கேள்வியைச் சுமந்துகொண்டு வந்தாய். சிலியில், துறைமுகத்துக்கு மேலே மலைச்சரிவில் அவருக்குக் கொஞ்சம் திராட்சைக் கொடிகள். மனைவி இறந்த பிறகு அவர் தனியாகப் போட்ட முதல் ஒயின். கொடிகளைப் பிடுங்கிவிட்டு நிலத்தை விற்றுவிடலாம் என்று பிள்ளைகள் நெருக்கினார்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் ஒயின் பிரமாதம் என்றார்களாம். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவரிடம் வேறு என்ன சொல்வார்கள்? தன்னைத் தெரியாத யாராவது குடித்துப் பார்த்துச் சொல்லட்டும், அதன்படி முடிவெடுக்கிறேன் என்று உன்னிடம் இரண்டு புட்டிகளைக் கொடுத்தார். உன் அரைகுறை ஸ்பானிஷில் நீயும் வாக்குக் கொடுத்துவிட்டாய்.

படப்பையில் உன் அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு நீ திரும்பிய ஞாயிறு, புட்டிகளைக் காணோம். "தொட்டி மேல கீதுங்க" என்றாள் தங்கச்சி. சித்திரை வெயிலில், எலுமிச்சை ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் அவை நின்றன. "பழச்சாறுதானேன்னு நெனச்சேன். வெயில் பட்டாத்தான் பூசணம் புடிக்காது, இல்லியாண்ணா?" என்று என்னைப் பார்த்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கெட்டுப்போகக் கூடாத எதையும் நம் பெண்கள் வெயிலில்தான் வைப்பார்கள். தக்கை பாதி வெளியே வந்திருந்தது. வாயில் வைத்தால் வெல்லப்பாகில் வினிகரைக் கொட்டிய மாதிரி இருந்தது.

நீ கத்துவாய் என்று நினைத்தேன். "சொல்லாம வெச்சிட்டுப் போனது நாந்தான், வுடு" என்றாய் அவளிடம். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "பிரமாதம்னு சொல்லிடு மச்சான். கெழவர் சந்தோஷப்படுவாரு. யாருக்குத் தெரியப் போவுது?"

அப்போது வந்தது உனக்குக் கோபம். "அதத்தான் அவரு ஊரே சொல்லிகினு கீதே! அப்புறம் இன்னாத்துக்குடா என்னாண்ட குடுத்தாரு?" பொரித்தட்டு பறந்தது. விமானப்படையின் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் போனதால், நீ அடுத்துச் சொன்ன கெட்ட வார்த்தை பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் தப்பித்தோம்.

அடுத்த பயணத்தில் அவரிடமே போய், ஊறுகாய் ஜாடி உட்பட எல்லாவற்றையும் சொன்னாய். அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். மிச்சமிருந்த ஒரே புட்டியைக் கொடுத்து, நீ மறுபடி வரும் வரை கொடிகளில் யாரையும் கை வைக்க விடமாட்டேன் என்றாராம். கப்பலில் அதைக் காய்கறி வைக்கும் குளிர் அறையில் கொண்டுவந்தாய். வீட்டில் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் புதைத்து, தங்கச்சியைக் காவலுக்கு வைத்தாய்.

அந்த ஞாயிறு நாம் மூவரும் பாயில் உட்கார்ந்தோம். முதல் வாய் வாழைக்காய்க் கறை மாதிரி என் நாக்கை இழுத்தது. அப்படியே சொன்னேன். உன் முகம் சுருங்கிவிட்டது. விழுங்கிய பிறகு ஏதோ ஒன்று மெதுவாக ஏறி வந்தது, எனக்கு அதற்குப் பேர் சொல்லத் தெரியவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் தங்கச்சி எழுந்திருக்கவில்லை. டம்ளரை உன் பக்கம் நீட்டினாள். "இன்னொரு வாய் ஊத்துங்க."

நீ இதைக் கூட்டாமல் குறைக்காமல் அவரிடம் கொண்டுபோனாய். நாக்கை இழுத்ததையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்ததும் கிழவர் கத்தரியை எடுத்துக்கொண்டு, பழைய கிளைகளை வெட்டிக் கொடிகளைக் கவாத்து செய்யப் போய்விட்டாராம். அடுத்த காய்ப்புக்கு! தாம்பரம் ஸ்டேஷனில் நின்று இதை என்னிடம் சொன்னாய். உன்னைவிடப் பெரிய மனிதனை நான் பார்த்ததில்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் உதைத்திருப்பாய்.

உன் சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் "நல்ல மனுஷன்" என்றார்கள். எனக்கு அது பத்தவில்லை மச்சான். அதனால் உன்னைப் பார்த்தே இராத ஆட்களிடம், உன் கோபத்தையும் பிடிவாதத்தையும் சேர்த்தே இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் மருந்துக் கம்பெனியிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் பையைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். நீ இறந்துபோனதை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"அவர் எங்க சார் இருக்காரு?" என்றாள். "ஒரு தடவை பாக்கணுமே."